லட்லோவில் ஒரு வட்டம்: அம்மாவோடு டீம் ஆற்றங்கரையில்

அம்மா கோவில்பட்டியிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருந்தாள். மூட்டு வலி உண்டு, ஆனால் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஆள் கிடையாது. மேடு அதிகம் இல்லாமல், போன வழியே திரும்பி வராமல், நடுவில் உட்கார இடம் இருக்கிற மாதிரி ஒரு நடை வேண்டும். பர்மிங்காமிலிருந்து காரில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய லட்லோ எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. ஷ்ராப்ஷயரின் தெற்கு மூலையில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், குன்றின் மேல் ஒரு சின்ன ஊர். குன்றின் காலடியை டீம் ஆறு வளைத்துக்கொண்டு ஓடுகிறது. ஊரிலிருந்து இறங்கி, ஆற்றைக் கடந்து, எதிர்க்கரையில் நடந்து, இன்னொரு பாலம் வழியாக ஊருக்குள் ஏறிவிடலாம். மொத்தம் இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். தனியாகப் போனால் முக்கால் மணி நேரம் போதும், அம்மாவோடு நாங்கள் இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டோம்.

கோட்டை வாசலில் ஆரம்பித்தோம். வாரத்தில் சில நாள் அங்கே சந்தை கூடும். அன்றைக்கும் இருந்தது, அம்மா ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். கோட்டை 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் நார்மானியர்கள் கட்டத் தொடங்கியது, வேல்ஸ்காரர்களைக் கண்காணிக்க. ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர் புது மனைவி கேத்தரினோடு இங்கேதான் குடியிருந்தான். 1502இல் இங்கேயே செத்துப்போனான், பதினைந்து வயது. அந்தக் கேத்தரினைத்தான் தம்பி எட்டாம் ஹென்றி பிறகு கட்டிக்கொண்டு, பிறகு தள்ளி வைக்கப் போய், இங்கிலாந்தே போப்பாண்டவரிடமிருந்து பிரிந்தது. இதை அம்மாவுக்குச் சொன்னபோது அவளுக்கு அரசியல் எதுவும் பெரிதாகப் படவில்லை, "பதினைஞ்சு வயசா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள்.

கோட்டைச் சுவரை ஒட்டியே இறங்கும் தெரு டின்ஹாம். கொஞ்சம் சரிவு, ஆனால் தார் போட்டது, பயமில்லை. கீழே ஆற்றங்கரையில் புல்வெளி, அப்புறம் டின்ஹாம் பாலம், 1823இல் கட்டியது. அதை ஒட்டி ஒரு தடுப்பணை. பழைய ஆலைகளுக்குத் தண்ணீரைத் திருப்பக் கட்டிய தடுப்பணைகள் இந்த ஆற்றில் இப்படிப் பல இருக்கின்றன. தண்ணீர் வழிந்து விழுகிற சத்தத்தைக் கேட்டதும் அம்மா நின்றுவிட்டாள். "நம்ம கம்மாக் கலிங்கல் மாதிரி இருக்கு" என்றாள். கரிசல் காட்டில் கண்மாய் நிறைந்து கலிங்கலில் தண்ணீர் பாய்கிற வருஷம் அபூர்வம், அதனால் அந்தச் சத்தத்துக்கு அவள் மனதில் ஒரு தனி இடம் இருக்கிறது. பத்து நிமிஷம் அங்கேயே நின்றோம்.

பாலம் தாண்டி இடது பக்கம் திரும்பினால் பிரெட் வாக், ரொட்டிப் பாதை. 19ஆம் நூற்றாண்டில் வேலையில்லாதவர்களை வைத்து இந்தப் பாதையைப் போட்டார்களாம், காசு கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்று கூலியை ரொட்டியாகக் கொடுத்தார்களாம். ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். இடது கைப்பக்கம் ஆறு, வலது கைப்பக்கம் பாறையும் மரமும். மழை பெய்த மறுநாள் என்றால் வழுக்கும், நல்ல செருப்பு அவசியம். இதிலிருந்து மேலே விட்கிளிஃப் பொதுநிலத்துக்கு ஒரு கிளைப்பாதை ஏறுகிறது. மூட்டு வலிக்காரர்கள் இதை விட்டுவிடலாம். ஆனால் அம்மா ஏறுவேன் என்றாள், என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

மேலே ஒரு பெஞ்சு. எதிரே முழு ஊரும் தெரிகிறது: கோட்டை, செயின்ட் லாரன்ஸ் தேவாலயக் கோபுரம், பின்னால் கிளீ குன்றுகள். அங்கே உட்கார்ந்துதான், நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்திருந்ததைச் சொன்னேன். இந்தக் கோட்டையை 1811இல் அரசிடமிருந்து விலைக்கு வாங்கியவர் எட்வர்டு கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன். 1798 முதல் 1803 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநர். 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டபோது கோட்டையில், அதாவது சென்னைக் கோட்டையில், ஆட்சியில் இருந்தது இவர்தான். 1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டபோதும் இவர்தான். ஊர் திரும்பியதும் 1804இல் போவிஸ் பிரபு பட்டம், ஏழு வருஷம் கழித்து இந்தக் கோட்டை. இன்றைக்கும் அது போவிஸ் குடும்பத்துச் சொத்துதான்.

கயத்தாறு எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். சின்ன வயதில் அம்மாவோடு அந்தச் சிலையைக் கடந்து எத்தனையோ முறை திருநெல்வேலிக்குப் போயிருக்கிறேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஏய்யா, இது தெரிஞ்சுதான் என்னைய இங்க கூட்டிட்டு வந்தியா?" என்றாள். ஆமாம் என்றேன். இங்கிலாந்தில் இருக்கிற நம் ஆட்கள் லண்டன் அருங்காட்சியகங்களில் நம் வரலாற்றைத் தேடுகிறார்கள், தேடட்டும். ஆனால் இப்படி ஒரு சின்ன ஊரின் ஆற்றங்கரைப் பெஞ்சிலும் அது வந்து நிற்கிறது, அதைத் தெரிந்துகொண்டு அங்கே உட்காருவது வேறு மாதிரி இருக்கிறது என்பது என் எண்ணம்.

இறங்கி வந்தால் லட்ஃபோர்டு பாலம், நடுக்காலத்துக் கல் பாலம். வண்டி வந்தால் நடப்பவர்கள் ஒதுங்கிக்கொள்ள முக்கோணமாகச் சுவரில் இடம் விட்டிருக்கிறார்கள், நாங்கள் இரண்டு தடவை ஒதுங்கினோம். 1459இல் இந்தப் பாலத்தடியில் அரசனை எதிர்த்து நின்ற யார்க் கோமகனும் கூட்டாளிகளும் படையை விட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓட, அரச படை ஊரைச் சூறையாடியது. பாலத்தின் தென்முனை மூலையில் இருக்கிற பாறை அதைவிடப் பழைய சங்கதி: சுமார் 42 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல்படிவு. உலகம் முழுக்க நிலவியல்காரர்கள் சிலூரியன் என்கிற அந்தப் பழங்காலத்தின் ஒரு பகுதியையே லட்லோ என்று இந்த ஊர் பெயரால் சொல்கிறார்கள். நிலத்தில் நடமாடிய மிகப் பழைய பூரான், சிலந்தி வகை உயிரினங்கள் சிலவற்றின் படிவம் இந்தப் பாறையில்தான் கிடைத்தது. தொட்டுப் பார்க்கலாம், பெயர்க்கக் கூடாது.

அப்புறம் ஏற்றம். லோயர் பிராட் தெரு, ஊரின் ஏழு வாசல்களில் மிஞ்சி நிற்கிற பிராட் கேட், அதற்கு மேல் பிராட் தெரு. இரண்டு பக்கமும் பழைய வீடுகள், நின்று நின்று பார்க்கிற சாக்கில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். உச்சியில் பட்டர்கிராஸ் என்கிற பழைய சந்தைக் கட்டடத்தின் திண்டில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது ஒரு ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பாட்டிக்கு இன்னொன்றைக் கொடுத்திருந்தாள்.