காலி லாரிக்கு அனுமதி உண்டா? ஊரடங்குக் குறிப்புகள்

2020 மார்ச் 25
நேற்று இரவு 8 மணிக்குப் பிரதமர் கொரோனா ஊரடங்கை அறிவித்தார். நள்ளிரவிலேயே நாடு மூடியாகிவிட்டது. 21 நாள். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன்படி உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவில் ரயில், விமானம், சாலைப் போக்குவரத்து எல்லாம் நிறுத்தம். அத்தியாவசியப் பொருள் போக்குவரத்துக்கு மட்டும் விலக்கு.

விலக்கு சரக்குக்குத்தான், வண்டிக்கு இல்லை, சிக்கல் அங்கேதான். நாசிக்கில் வெங்காயம் ஏற்றிய லாரி சென்னை வரலாம். இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது போலீஸிடம் எதைக் காட்டுவது? ரிட்டர்ன் லோடாக டைல்ஸ் ஏற்றினால் அதுவும் மாட்டும். வழியில் தாபா, பஞ்சர் கடை, ஒர்க்‌ஷாப் எதுவும் விலக்குப் பட்டியலில் இல்லை. டீசல் மட்டும் கிடைக்கும்!

மார்ச் 29
அத்தியாவசியம், அல்லாதது என்று பிரிக்காமல் எல்லாச் சரக்கையும் விடச் சொல்லி மாநிலங்களுக்கு உள்துறைச் செயலரின் கடிதம். சானிட்டரி நாப்கின், சோப்பு, பேட்டரி ஆகியவையும் மளிகையில் சேரும் என்ற விளக்கமும் அதிலேயே.

இதே நாளில் இன்னோர் உத்தரவு: தொழிலாளர்கள் ஊர் திரும்பாதபடி மாநில, மாவட்ட எல்லைகளை மூட வேண்டும். ஆக, ஒரே செக்போஸ்ட்டில் சரக்கை விட வேண்டும், ஆளைத் தடுக்க வேண்டும். தார்ப்பாய்க்குள் ஆள் இருக்குமோ என்ற சந்தேகம் காலி வண்டி மேல்தான் முதலில் விழும்.

ஏப்ரல் 3
மார்ச் 20-க்கும் ஏப்ரல் 15-க்கும் இடையே காலாவதியாகும் இ-வே பில்கள் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) ஏப்ரல் 30 வரை செல்லும். லைசென்ஸ், பெர்மிட், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) பிப்ரவரி 1-க்குப் பிறகு காலாவதியாகியிருந்தால் ஜூன் 30 வரை அவகாசம்.

ஏப்ரல் 12
காலி வண்டி என்ற சொல் ஒருவழியாக உள்துறையின் கடிதத்தில் வந்துவிட்டது. லோடு எடுக்கப் போனாலும் இறக்கிவிட்டு வந்தாலும் தடுக்கக் கூடாது. டிரைவருடன் இன்னொருவர் போகலாம். வீட்டிலிருந்து வண்டி நிற்கும் இடத்துக்கு டிரைவரும் கிளீனரும் போகவும் உள்ளூர் நிர்வாகம் உதவ வேண்டும். பஸ் ஓடாத ஊரில் டிரைவர் வந்து சேர முடியாமல்தான் பல வண்டிகள் நின்றுபோயின.

ஏப்ரல் 15
ஊரடங்கு மே 3 வரை. புது விதிகளில் வண்டிக்கு இரண்டு டிரைவர், ஒரு கிளீனர். நெடுஞ்சாலை தாபாவுக்கும் லாரி பழுது பார்க்கும் கடைக்கும் ஏப்ரல் 20 முதல் அனுமதி. நிறுத்தி வைத்திருந்த சுங்கக் கட்டண வசூலும் அன்றே மீண்டும் தொடங்குகிறது.

ஏப்ரல் 30
மாநில எல்லையில் சரக்கு லாரிக்கும் காலி லாரிக்கும் தனி பாஸ் கேட்கக் கூடாது என மீண்டும் கடிதம். டெல்லியில் போட்ட கடிதம் செக்போஸ்ட்டில் நிற்பவர் கைக்கு வர நாளாகும். அதன் நகலை ஆர்சி (பதிவுச் சான்று), பெர்மிட்டோடு வண்டியிலேயே வைத்திருங்கள்.