கிணற்றுத் தண்ணீரை நிறுத்திய பிறகுதான் நைத்திரேற்று இறங்கியது

2023 மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் கடல்மீனும் பவளமும் வளர்க்கும் தொட்டியில் 80 லீற்றர் தண்ணீரை ஒரேயடியாக மாற்றினேன். அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்தால், தோல்பவளம் (தோல் போல மெத்தென்ற ஒரு பவளம்) விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, தேய்ந்த சவர்க்காரக் கட்டி மாதிரி மழமழவென்று நின்றது. நாலு நாள் அப்படியேதான். எனக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனை நாளுக்கு ஒருக்கால், எவ்வளவு மாற்ற வேண்டும் என்று கொப்பியில் எழுதிவைத்துப் பார்க்கத் தொடங்கியது அந்த நாலு நாளால்தான்.

தொட்டி நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல்லும் மணலும் போகத் தண்ணீர் 200 லீற்றர் வரும். உள்ளே இரண்டு கோமாளி மீன், ஒரு தோல்பவளம், பொத்தான் போல விரியும் சோவந்தஸ் என்ற பவளம் கொஞ்சம். பவளம் இரண்டும் கொழும்பில் தொட்டியிலேயே வளர்க்கும் ஒரு நண்பர் பிரித்துத் தந்த துண்டுகள். நம்முடைய கடலில் பவளத்தை உடைத்து எடுப்பது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் அதைச் செய்யமாட்டேன்.

மார்கழியில் என்ன பிழைத்தது என்று பிறகுதான் விளங்கியது. மாரி மழைக்குப் பிறகு அள்ளிய கடல்தண்ணீர் அது. மிச்சமிருந்ததை, உப்பை அளக்கும் ரிஃபிராக்டோமீற்றரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன்: ஆயிரத்துக்கு 29 பங்கு உப்பு. தொட்டி இருந்தது 35இல். 120 லீற்றர் 35உம் 80 லீற்றர் 29உம் சேர்ந்தால் 32.6 வரும். ஒரு மணித்தியாலத்துக்குள் உப்பு அவ்வளவு இறங்கினால் எந்தப் பவளம் தாங்கும்?

அதுவரை மாதம் ஒருக்கால் 80 லீற்றர் மாற்றிக்கொண்டிருந்தேன். 2024 தையிலிருந்து கிழமைக்கு 20 லீற்றர் என்று வைத்தேன். கணக்குப் பார்த்தால், நாலு தரம் பத்து வீதம் மாற்றுவதும் ஒரு தரம் நாற்பது வீதம் மாற்றுவதும் ஒன்றல்ல. முதலாவதில் பழைய தண்ணீர் 34 வீதம்தான் வெளியே போகும். அந்த ஆறு வீதம் நட்டம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. புதுத் தண்ணீரில் உப்போ சூடோ கொஞ்சம் முன்பின் இருந்தாலும் 20 லீற்றர் தொட்டியை ஆட்டாது.

தண்ணீர் எடுப்பதிலும் ஒரு பாடம் கிடைத்தது. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சுற்றிக் கடல்தான், ஆனால் எல்லாத் தண்ணீரும் சரிவராது. கடல்நீரேரித் தண்ணீர் மாரியில் நன்னீர் போலாகும், கோடையில் வற்றி உப்பு ஏறும். அதனால் வடக்குக் கரைப் பக்கம் போவேன். சோளகம் வீசும் மாதங்களில் அங்கே கடல் அடங்கித் தெளிந்திருக்கும், வாடை தொடங்கினால் கரை முழுக்கக் கலங்கல். தொண்டைமானாற்றில் மீன்பிடித் தொழிலுக்குப் போகும் அண்ணை ஒருவர் நான் கரையில் வாளியோடு நின்றதைப் பார்த்துவிட்டு, "தம்பி, கரையில அள்ளாத. நான் வெளியில போகேக்க ரெண்டு கான் நிரப்பிக்கொண்டு வாறன்" என்றார். இன்றைக்கும் அவர்தான் கொண்டுவந்து தருகிறார். அதைத் துணியில் வடித்து, மூடிய பரலில் வெளிச்சம் படாமல் இரண்டு கிழமை வைப்பேன். மாற்றுவதற்கு முதல் நாள் சிறிய பம்ப் போட்டுச் சுற்றவிட்டு உப்பை அளப்பேன்.

பக்கத்து வீட்டு ஐயா, ஆனையிறவு உப்பைக் கரைத்து ஊற்றினால் போதாதா என்று கேட்டார். போதாது. உப்பளத்தில் தண்ணீர் வற்ற வற்ற ஜிப்சம் முதலில் படிந்துவிடும், கல்சியத்தில் பெரும் பங்கு அதோடு போகும். பிறகுதான் சாப்பாட்டு உப்பு படியும். மகனீசியம் கடைசிக் கழிதண்ணீரில் நின்றுவிடும். பவளத்துக்கு வேண்டிய இரண்டும் அந்த உப்பில் இருக்காது.

சரி, பங்குனிக் கடைசி. பத்துக் கிழமை தவறாமல் மாற்றியாயிற்று. மீன்கழிவும் மிச்சத் தீனியும் அழுகித் தண்ணீரில் சேரும் நைத்திரேற்று தையில் லீற்றருக்கு 40 மில்லிகிராம், இப்போதும் 40. சோதனை பிழையோ என்று சோதனைப் பெட்டியின் இரண்டாவது போத்தலை முப்பது செக்கன் பலமாகக் குலுக்கிவிட்டுத் திரும்பச் செய்தேன் (அடியில் படிந்தது கலங்காவிட்டால் குறைத்துக் காட்டும்). குழாயில் அதே சிவப்பு. தீனியைப் பாதியாக்கினேன். அதற்கும் அசையவில்லை.

விடை பம்பில் இருந்தது. கழுவ எடுத்தபோது அதன் தண்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு படை. நகத்தால் சுரண்டினால் செதிள் செதிளாக வந்தது. நம்முடைய வீட்டுக் கேத்தலின் அடியில் பிடிக்கும் அதே சுண்ணாம்பு. அப்போதுதான் நாள்தோறும் ஊற்றும் தண்ணீர் ஞாபகம் வந்தது. இந்த வெக்கையில் தொட்டியிலிருந்து நாளுக்கு மூன்று லீற்றர் ஆவியாகிறது. உப்பு ஆவியாகாது, ஆகவே குறைந்ததற்கு நன்னீர்தான் விட வேண்டும். நான் விட்டது வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்.

எங்கள் வீட்டைச் சுற்றி வெங்காயமும் புகையிலையும் செய்யும் தோட்டக்காணி. கீழே சுண்ணாம்புக்கல். போடும் உரம் மழையோடு சீக்கிரமே நிலத்தடித் தண்ணீருக்கு இறங்கிவிடும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கே தோட்டப் பக்கக் கிணறுகள் பல அதைத் தாண்டியவை. என் கிணற்றைச் சோதித்தேன்: 40.

கொப்பியில் கணக்குப் போட்டேன். கிழமைக்கு 21 லீற்றர் கிணற்றுத் தண்ணீர், லீற்றருக்கு 40 என்றால் உள்ளே போவது 840 மில்லிகிராம். 20 லீற்றர் மாற்றும்போது வெளியே எடுப்பது 800. எடுத்ததைவிடக் கூடுதலாக நானே ஊற்றிக்கொண்டிருந்தேன்! கிழமைக்கு ஒருக்கால் அல்ல, இரண்டு தரம் மாற்றியிருந்தாலும் அது வேண்டிய அளவுக்கு இறங்கியிராது.

சித்திரையிலிருந்து ஆர்ஓ தண்ணீர் (நுண்ணிய சவ்வில் வடித்து, கரைந்த உப்புகளைப் பெரும்பாலும் நீக்கியது) மட்டும்தான் விடுகிறேன். கடையில் வாங்கியதைச் சோதித்தபோது குழாய் மஞ்சளாகவே நின்றது, அதாவது நைத்திரேற்று இல்லை. மாற்றுவது அதே கிழமைக்கு 20 லீற்றர். ஆனியில் நைத்திரேற்று 20. ஆவணியில் பத்துக்கும் இருபதுக்கும் இடையில் ஒரு செம்மஞ்சள். தோல்பவளம் வெளிச்சம் போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் விரியத் தொடங்கிவிடும். விரல் நுனியில் உள்ள எட்டு மயிர் போன்ற கைகளையும் கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்து எண்ணலாம்.

கார்த்திகையில் விரும்பாத ஒரு சோதனையும் நடந்தது. மாதக் கடைசியில் புயல் மழையில் யாழ்ப்பாணம் வெள்ளக்காடு, அண்ணை கடலுக்குப் போகவில்லை, பரலும் வெறுமை. மூன்று கிழமை தண்ணீரே மாற்றவில்லை. நைத்திரேற்று கொஞ்சம்தான் ஏறியது. காரத்தன்மை (dKH அளவில், pH அல்ல) 8.3இலிருந்து 7.2க்கு இறங்கிவிட்டது. கல்லில் ஊதாப் பாசி நன்றாகப் படர்கிறது, அது கல்சியத்தையும் காரத்தன்மையையும் இழுக்கும். முன்பு கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு இதை மறைத்துக்கொண்டிருந்தது, இப்போது தண்ணீர் மாற்றுவதால்தான் அது திரும்ப நிரம்புகிறது. ஆகவே நைத்திரேற்று குறைந்திருக்கிறது என்று கிழமையைத் தள்ளிப்போட என்னால் முடியாது.

கடைசியில் கடல்தொட்டிக்கென்றே கல்சியமும் மகனீசியமும் சேர்த்துச் செய்த உப்புப் பொடி ஒரு பொதி வாங்கினேன். 20 லீற்றர் ஆர்ஓ தண்ணீருக்கு முக்கால் கிலோ அளவில் பிடிக்கிறது, விலையும் கூடத்தான். ஆனாலும் வாடை முடியும் வரைக்கும் அதுதான். மாசியில் கடல் அடங்கினால் அண்ணையின் கான்கள் திரும்ப வரும். இரண்டு மேலதிகப் பரல் இப்போதே கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.