தம்பலகாமக் குடாவின் கறுப்புச் சேறு

திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாப் பாலத்தடியில் வள்ளம் ஏறியபோது காலை ஏழு மணி இருக்கும். 2009இல் பாலம் திறக்கும்வரை இந்த இடத்தைப் பாதை என்னும் மிதவையில்தான் கடந்தார்கள். தம்பலகாமக் குடாவுக்குள் கொஞ்ச தூரம் போனதும் வள்ளக்கார நானா எஞ்சினை நிறுத்தித் தூக்கிவிட்டார்.

"இனிப் புல்லுத் தரை தம்பி. எஞ்சின் பட்டா வேரோட அறுத்துப் போடும்" என்று சொல்லிவிட்டு நீண்ட கம்பை ஊன்றத் தொடங்கினார்.

குனிந்து பார்த்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் நாடா நாடாவாகக் கடற்புல், நீரோட்டத்தின் பக்கமே சாய்ந்து கிடந்தது. மிதந்து வந்த ஓர் இலையை எடுத்தேன். ஒரு பாதி நல்ல பச்சை. மறுபாதியில் மெல்லிய வண்டல், அதில் அரிசிக் குறுநொய் அளவில் ஒரு நத்தை. பலரும் இதைப் பாசி என்றுதான் நினைக்கிறார்கள். பாசி இல்லை, பூவும் காயும் வேரும் உள்ள செடி. இலைகள் நீரின் வேகத்தைக் குறைப்பதால், அதில் வரும் வண்டலும் மக்கலும் இங்கேயே படிந்துவிடுகின்றன.

நானா கம்பை உருவியபோது நுனியில் கறுப்புச் சேறு ஒட்டி வந்தது. தொட்டு முகர்ந்தேன், அழுகிய முட்டை நாற்றம்! எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. அந்தச் சேற்றில் ஒட்சிசன் இல்லை என்பதற்கு நாற்றமே சாட்சி. ஒட்சிசன் இல்லாவிட்டால் செத்த வேரும் இலையும் லேசில் மக்காது. அவற்றிலுள்ள காபன், காற்றில் கலந்து பூமியைச் சூடாக்காமல், நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே புதைந்து கிடக்கும். மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழைய படிவுகள்கூட உண்டு. உலகக் கடல் தரையில் கடற்புல் இருப்பது 0.2 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் கடல் ஆண்டுதோறும் புதைக்கும் காபனில் ஏறத்தாழ 10 சதவீதம் இதன் பங்கு என்கிறது ஒரு மதிப்பீடு.

காபன் மட்டுமல்ல. எங்கள் தீவுப் பக்கம் கரையொதுங்கும் இந்தப் புல்லைச் சாதாளை என்போம். அம்மம்மா அதை அள்ளி வந்து தென்னைக்குப் பசளையாகப் போடுவா. தண்ணீரிலும் சேற்றிலும் இருந்து புல் உறிஞ்சிய நைதரசனும் பொசுபரசும்தான் அந்தத் தென்னைக்குப் போயிருக்கின்றன என்று இப்போது புரிகிறது.

இங்கேயும் அதே கதைதான். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் தம்பலகாம வயல்களில் பாய்ந்து, வடிந்து, உரத்தையும் கொண்டு இந்தக் குடாவுக்கு வருகிறது. அளவோடு வந்தால் புல் வாங்கிக்கொள்ளும். மிஞ்சினால் இலைமேல் பாசி மூடி வெளிச்சத்தை மறைத்துவிடும். புல் செத்தால் சேற்றைப் பிடித்து வைக்க வேர் இருக்காது. கலங்கிய சேற்றிலிருந்து பழைய காபன் திரும்ப வெளியே வரும். எனக்குப் பயம் அதுதான்.

மார்ச் 1 உலகக் கடற்புல் நாள். 2022இல் ஐ.நா. பொதுச்சபை அதை அறிவித்தது இலங்கை கொண்டுவந்த தீர்மானத்தால்தான். இதைச் சொன்னதும் நானா கம்பை ஊன்றியபடியே, "அப்ப நம்ம புல்லு உலகத்துக்கே தெரியுமா?" என்று கேட்டார். முகமெல்லாம் மலர்ச்சி. ஒரா மீனும் நண்டும் இந்தப் புல்லை நம்பித்தான் நிற்கின்றன என்று அவர் தன் வாப்பாவிடம் கேட்டு வளர்ந்தவர்.

திரும்பும் வழியில் புல்லுக்கு நடுவே ஒரு முழ அகலத்தில் வெறும் தரை, கோடு போட்டதுபோல நீண்டு கிடந்தது. கையை விட்டுத் தடவினேன். ஓரத்தில் அறுபட்ட வேர்த்தண்டுகள், உள்ளே இன்னும் வெள்ளையாக.

"எவனோ எஞ்சினைத் தூக்காமப் போயிருக்கான்" என்றார் நானா. பாலம் கண்ணில் படும்வரை அவர் கம்பைக் கீழே வைக்கவில்லை.