மத்தேரா: குடைந்த ஊரும் எதிரே இருக்கும் பள்ளத்தாக்கும்

தெற்கு இத்தாலியில் பாறையைக் குடைந்து எழுந்த பழைய ஊர் மத்தேரா. பாரி நகரில் தங்கிக்கொண்டு அதை ஒரே பகலில் பார்த்துவிட்டு ஓடிவருகிறவர்கள்தான் அதிகம். பத்தரை மணிக்கு இறங்கி, உச்சி வெயிலில் படியேறி, மதிய இடைவேளைக்குச் சர்ச் கதவு சாத்தும்போது போய் நின்று, நாலு போட்டோவோடு ரயிலேறுவார்கள். அதற்குப் போகாமலே இருக்கலாம். இந்த ஊருக்கு இரண்டு இரவு வேண்டும். ஒரு பகல் ஊருக்கு, ஒரு பகல் எதிரே உள்ள பள்ளத்தாக்குக்கு. ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் பாறை சூடேறி நடக்க முடியாது.

விமானம் பாரிக்கு. அங்கிருந்து மத்தேராவுக்கு இத்தாலியின் அரசு ரயில் நிறுவனமான டிரெனிதாலியாவின் ரயில் கிடையாது. ‘ஃபெர்ரொவியே அப்புலோ லுகானே’ என்ற தனி நிறுவனத்தின் மீட்டர் கேஜைவிடச் சற்றே குறுகலான ரயில்தான் போகிறது. பாரி சென்ட்ரலே நிலையத்துக்குள் தேடினால் அது கிடைக்காது. அதற்கு வெளியே பக்கத்தில் தனிக் கட்டடம், தனி டிக்கெட். பயணம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கவனிக்க வேண்டியது அல்தமூரா நிலையம். சில ரயில்கள் அங்கே இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி மத்தேராவுக்கும் மறுபாதி கிராவினா என்ற ஊருக்கும் போகும். ஏறும்போதே பெட்டியின் பலகையைப் பார்த்து உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ரயிலா பஸ்ஸா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மத்தேரா சென்ட்ரலேயில் இறங்கினால் பழைய ஊர் நடை தூரம்.

ஊரைப் புரிந்துகொள்ள அதன் கல்லைக் கிட்டத்தில் பாருங்கள். மஞ்சள் கலந்த வெள்ளைச் சுவரில் விரல் வைத்துத் தேய்த்தால் மாவு மாதிரி உதிரும். உற்றுப் பார்த்தால் சிப்பி, கிளிஞ்சல் துண்டுகள் தெரியும். கடலடியில் படிந்து இறுகிய கால்கரெனைட் இது. கோடரியால் வெட்டும் அளவுக்கு மென்மை. வெட்டிக் காற்றுப் பட்டதும் இறுகும். மலைச்சரிவைக் குடைந்து குகை எடுத்தார்கள், வெட்டியெடுத்த கல்லையே வாசலில் அடுக்கி முன்கட்டு கட்டினார்கள். அதனால்தான் ஒரு வீட்டுக் கூரை மேல்வரிசை வீட்டுக்குத் தெருவாக இருக்கிறது. கூகுள் மேப் இங்கே திணறுவதும் இதனால்தான்: நீங்கள் நிற்கும் புள்ளியில் மூன்று தெருக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். கதீட்ரல் கோபுரத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு நடப்பது சுலபம். பழைய ஊர் இரண்டு பகுதி: கோபுரத்துக்கு வடக்கே சாஸ்ஸோ பரிசானோ, தெற்கே சாஸ்ஸோ கவெயோஸோ. ஹோட்டல்கள் பரிசானோவில் அதிகம். பாறையின் பழைய முகம் கவெயோஸோவில்.

முதலில் வித்தோரியோ வெனெத்தோ சதுக்கத்தின் அடியில் உள்ள பலொம்பாரோ லுங்கோவுக்கு இறங்குங்கள். நேரம் குறித்துக் குழுவாக விடுவார்கள், முன்பதிவு நல்லது. சுமார் 50 லட்சம் லிட்டர் கொள்ளும் நீர்த்தொட்டி, பாறையைக் குடைந்தது. 1991இல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. நீர் கசியாமல் இருக்கச் சுண்ணாம்போடு உடைந்த ஓட்டுத்தூள் கலந்து பூசிய சாந்து சுவரில் இன்னும் நிற்கிறது. நதி பள்ளத்தாக்கின் அடியில் ஓடுகிறது, ஊரோ உச்சியில். ஆகவே வீட்டுக்கு வீடு கூரை மழைநீரை வாய்க்கால் வெட்டிக் குடுவை வடிவத் தொட்டிகளில் சேர்த்தார்கள். இதைப் பார்த்த பிறகு சந்துகளில் நடந்தால் கூரைகளின் சாய்வும் கல்லில் செதுக்கிய கால்வாய்களும் தானே கண்ணில் படும்.

பின்னாளில் ஊர் நெருக்கியடித்துப் பெருத்தபோது தொட்டிகளையும் தொழுவங்களையும்கூட வீடாக்கினார்கள். கவெயோஸோவில் விகோ சொலித்தாரியோ குகை வீட்டில் அந்த வாழ்க்கையை அப்படியே வைத்திருக்கிறார்கள்: உயரமான கட்டில், அதற்கடியில் கோழி, பின்னால் கோவேறுக் கழுதை. 1952இல் சட்டம் போட்டுச் சுமார் 15,000 பேரைப் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். 1986 சட்டத்துக்குப் பிறகு பழுது பார்த்து ஆட்கள் திரும்பினார்கள். 1993இல் யுனெஸ்கோ பட்டியல். இன்று அதே குகைகள் விலை உயர்ந்த அறைகள்.

அந்த அறை எடுக்கிறவர்களுக்கு: ஜன்னல் இருக்கிறதா, ஈரப்பதம் உறிஞ்சும் இயந்திரம் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். துளைகள் நிறைந்த கல் என்பதால் ஈரம் கசியும், உப்புப் பூக்கும். துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. ஆஸ்துமா உள்ளவர்கள் மேலே புதிய ஊரில் தங்குவதே மேல். சக்கரப் பெட்டி படிகளில் வெறும் சுமை, முதுகுப்பை போதும். வாடகைக் கார் என்றால் ‘சோனா அ திராஃபிகோ லிமித்தாத்தோ’ (வண்டிகளுக்குக் கட்டுப்பாடுள்ள பகுதி) பலகையைத் தாண்டாதீர்கள். கேமரா எண்ணைப் படித்துவிடும், அபராதம் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும், கார்க் கம்பெனி அதற்கும் தனிக் கட்டணம் பிடிக்கும்.

அடுத்த நாள் பள்ளத்தாக்கு. போர்த்தா பிஸ்தோலாவிலிருந்து பாதை செங்குத்தாக இறங்கி, கிராவினா ஓடையின் தொங்குபாலத்தைக் கடந்து, எதிர்ச்சரிவில் மூர்ஜா திமோனே மேட்டுக்கு ஏறும். போக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய காலடிகளால் வழுவழுப்பான சுண்ணாம்புக்கல். மழைக்கு மறுநாள் ரப்பர் அடிச் செருப்பு கண்டிப்பாக வழுக்கும். பாலத்தை மூடியும் வைப்பார்கள், கிளம்பும் முன் தங்குமிடத்தில் விசாரியுங்கள். வழியில் குழாய் இல்லை, நிழல் இல்லை: ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்.

காலையிலேயே போவதற்குக் காரணம் வெளிச்சம். மேடு ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. காலை வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வீடுகளின் முகத்தில் விழும். மாலையில் ஊருக்குப் பின்னால் சூரியன் இறங்குவதால் எல்லாம் கறுப்பு. விளக்கேற்றும் வரை காத்திருக்க ஆசைப்பட்டால் கார்ச் சாலை வழியாகப் போங்கள், இருட்டில் அந்தப் பாதையில் இறங்கக் கூடாது. மேட்டில் குகை சர்ச்சுகள் உண்டு, சிலவற்றில் ஓவியம் மிச்சமிருக்கிறது. வசந்தத்தில் தலைக்கு மேல் லெஸ்ஸர் கெஸ்ட்ரல் என்ற சின்ன வல்லூறுகள் சுற்றும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பழைய ஊரின் ஓட்டிடுக்குகளில் கூடு வைத்து, இரைக்கு இந்தப் புல்வெளிக்கு வருபவை.

சைவர்களுக்குச் சாப்பாட்டுக் கவலை அதிகம் இல்லை. காய்ந்த அவரை வகைப் பருப்பை மசித்துச் சிக்கரிக் கீரையோடு தரும் ‘ஃபாவே எ சிகோரியா’ வயிறு நிறைக்கும். கீரை போட்ட ஒரெக்கியெத்தே பாஸ்தாவில் மட்டும் நெத்திலி சேர்ந்திருக்கும், ‘சென்ஸா அச்சூகே’ என்று சொல்லிவிடுங்கள். பொரித்த செனீசே மிளகாயை மோர்மிளகாய் நினைப்பில் கடித்தால் ஏமாற்றம்தான். காரமே இல்லை, மொறுமொறுப்பும் இனிப்பும். ரொட்டி டுரம் கோதுமை ரவையில் சுட்டது, எடை போட்டு விற்பார்கள், பாதி கேட்டாலும் வெட்டித் தருவார்கள்.

மூன்றாம் நாள் கையில் இருந்தால் பெட்டியை அறையிலேயே விட்டுவிட்டு, அல்தமூராவில் ரயில் மாறி, முன்பு சொன்ன கிராவினா ஊருக்கு (முழுப்பெயர் கிராவினா இன் புலியா) போய் வாருங்கள். பள்ளத்தாக்கைத் தாண்டும் பழைய நீர்வழிப் பாலத்தில் கட்டணமின்றி நடக்கலாம். அக்கரை ஏறித் திரும்பிப் பார்த்தால் மத்தேராவின் அதே கல், கூட்டம் மட்டும் இல்லை. திரும்பும் கடைசி ரயிலின் நேரத்தை மட்டும் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஜூலை 2 மத்தேராவில் மடோன்னா தெல்லா புரூனா திருவிழா. அந்த வாரத்துக்கு அறை வேண்டுமென்றால் பல மாதங்களுக்கு முன்பே பிடிக்க வேண்டும்.