ஒன்பதாம் நம்பர் காய்

போடியில் ஒரு ஏலக்காய் குடோனில் பதினான்கு வருஷம் எடை எழுதினேன். பூப்பாறை, சாந்தாம்பாறைப் பக்கத்து ஸ்டோர்களில் உலர்த்திய காய், போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி மூட்டை மூட்டையாக வரும். ஐந்து கிலோ பச்சைக்காய் போட்டால் ஒரு கிலோ தேறுகிற சரக்கு. சல்லடையில் 8 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் என்று பிரித்தபின் கைப்பொறுக்கு. சாக்கு விரித்து இருபது பெண்கள் உட்கார்ந்து, நிறம் வெளுத்தது, வாய் பிளந்தது, சொறி பிடித்தது என்று ஒதுக்குவார்கள். கூலி கிலோக் கணக்கில்.

பேரேட்டில் அவர்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். அந்த வழக்கத்தை நான் ஆரம்பிக்கவில்லை. மாற்றணும் என்று தோன்றியதும் இல்லை.

முப்பத்தைந்து வயதில் எனக்கு ஒரு அரிப்பு வந்தது. கிலோ எழுதவா பிறந்தோம்? தன்னை அறிவது எப்படி என்று சொல்லும் புத்தகங்களை வாங்கி டிராயரில் வைத்து மத்தியானம் படிப்பேன். பாதி புரியாது, புரிந்த பாதியைப் படித்தால் தூக்கம் வரும்.

அப்படி ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில்தான் ஒன்பதாம் நம்பர் தட்டையும் பதினொன்றாம் நம்பர் தட்டையும் மாற்றி எழுதிவிட்டேன். சாயங்காலம் ஒன்பது வந்து மேசை முன்னால் நின்றார்.

"தம்பி, இது என் காய் இல்ல."

"எட்டரை கிலோ வந்திருக்குக்கா. ஒன்றரை கிலோ கூடத்தான?"

"கிலோவ யாரு கேட்டா? காம்பப் பாருங்க. இப்படிக் காம்போட நான் விட்டுருவேனா?"

பார்த்தேன். ஒரு தட்டில் காய்ந்த பூவும் காம்பும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தன. இன்னொன்றில் ஒரு காயிலும் வால் இல்லை. வருஷக்கணக்காக என் கண் முன்னால் இருந்த வித்தியாசம். இதை நேர்மை என்று சொல்லி அவரைச் சாமியாக்க மாட்டேன். அது சுத்தமான கர்வம். அடுத்தவள் காய் தன் கணக்கில் ஏறுவது அவருக்குக் கேவலமாக இருந்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு கையைக் கவனிக்க ஆரம்பித்தேன். பதினாலாம் நம்பர் நிறத்தில் ரொம்பக் கறார், நல்ல காயையும் தள்ளிவிடும். மூன்றாம் நம்பருக்கு டீ வரும்வரைதான் பொறுமை. ஒன்பது, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு திருகு; வால் போய்விடும். நடுநடுவே ஒரு பிடி அள்ளிக் காதோரம் குலுக்குவார். கலகலவென்றால் உலர்ந்தது. மந்தமாகச் சத்தம் வந்தால், அந்த மூட்டையில் ஈரம் என்று முதலாளியிடமே சொல்லிவிடுவார்.

குற்ற உணர்ச்சியில் புதுப் பேரேடு போட்டுப் பெயர் எழுதினேன். ஒரே பெயரில் மூன்று பேர். ஒரே வாரத்தில் கூலி தகராறு. "எனக்கு ஒம்போதே இருக்கட்டும் தம்பி, அதச் சொன்னாத்தான் இங்க எல்லாருக்கும் தெரியும்" என்றார் அவர்.

ஞள்ளானி என்ற ஏலக்காய் ரகம் ஞாபகம் வருகிறது. கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப், மற்ற செடிகளிலிருந்து விலகி அமோகமாகக் காய்த்த செடியைக் கண்ணில் பிடித்து, தூர் பிரித்து நட்டுப் பெருக்கினார். இப்போது இடுக்கி மலையில் பெரும்பாலும் அதுதான். தனித்து நின்ற செடி பரவிப் பரவிக் கூட்டமாகிவிட்டது. செடியாகப் பிறந்தால் அந்தச் சங்கடம் உண்டு. ஒன்பதின் விரலை யாரும் தூர் பிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த மகளுக்கே அந்தத் திருகு வரவில்லை.

பிறகு நிறம் பிரிக்கும் மெஷின் வந்தது. ஒவ்வொரு காயையும் கேமரா பார்க்கும், பிடிக்காததைக் காற்று ஊதித் தள்ளும். இருபது பேர் நான்கு பேரானார்கள். மெஷின் தள்ளியதை மறுபடி பார்க்கும் வேலை ஒன்பதுக்கு. இதில் எனக்கு முதலாளி மேல் கோபம்தான். கோபப்பட்டு என்ன, நானும் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு மத்தியானம் மூடிய கையோடு மேசைக்கு வந்தார். என் காதோரம் குலுக்கினார்.

"என்ன கேக்குது?"

"கலகலங்குது."

கையை விரித்தார். லேசாக வெளுத்த, நல்ல தடித்த காய்.

"இதத்தான் ஊதித் தள்ளிருக்கு. அங்க இன்னும் ஒரு குவியல் எடுத்து வச்சிருக்கேன். நிறுத்துட்டு எழுதிக்கங்க, ஒம்போது."