காலை ஐந்தரை மணி ஆய்வு

முதியோர் பராமரிப்பு இல்லங்களை ஆய்வு செய்யப் போகிறவர்கள் பெரும்பாலும் காலை பதினோரு மணிக்குப் போகிறார்கள். அந்த நேரத்தில் எந்த இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். தரை துடைத்தாயிற்று, விரிப்பு மாற்றியாயிற்று, எல்லோருக்கும் தலை வாரியாயிற்று. மேஜையில் ரெஜிஸ்டர்கள் அடுக்கி வைத்திருப்பார்கள். முந்தின இரவு எப்படிக் கழிந்தது என்பது மட்டும் தெரியாது.

தெரிய வேண்டியதோ அதுதான். இரவு எட்டு மணி முதல் காலை ஆறு மணி வரை ஆட்கள் குறைவு, மேற்பார்வை இல்லை, உறவினர்களும் வருவதில்லை. ஆகவே ஆய்வுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் காலை ஐந்தரைக்குப் போவதே சரி. இரவு ஷிப்ட் கிளம்பியிருக்காது, பகல் ஷிப்ட் வந்திருக்காது. இல்லம் அப்போது இருக்கிறபடியே இருக்கும்.

உள்ளே நுழைந்ததும் மூக்கு சொல்வதைக் கேட்க வேண்டும். இப்போதுதான் நனைந்த டயப்பரின் வாடை வேறு, ஊறிப்போன மூத்திரத்தின் நெடி வேறு. முதலாவது எந்த நல்ல இல்லத்திலும் இருக்கும், அதில் குற்றமில்லை. இரண்டாவது கண்ணில் சுள்ளென்று ஏறினால் மெத்தை உறையின் ஜிப்பைத் திறந்து பாருங்கள். ரெக்சின் உறை தையலில் விட்டுப்போய் ஈரம் உள்ளே இறங்கியிருக்கும். அந்த மெத்தையை மாற்றாமல் எத்தனை பாட்டில் பினாயில் ஊற்றினாலும் நெடி போகாது.

அடுத்து, படுத்த படுக்கையாய் இருப்பவர்களின் குதிகால். "பாட்டி, காலைக் கொஞ்சம் பார்க்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, சிஸ்டரை உடன் வைத்துக்கொண்டு போர்வையை விலக்க வேண்டும். குதிகால், முதுகின் அடிப்பகுதி, இடுப்பு எலும்பு, முழங்கை, தலையின் பின்புறம் ஆகிய இடங்களில்தான் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்குகிறது. நிறம் மாறியிருக்கும் இடத்தை விரலால் 3 விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு பழைய நிறம் திரும்பினால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்கவே இல்லையென்றால் புண் தொடங்கிவிட்டது, தோல் கிழியாவிட்டாலும் அது முதல் நிலைப் படுக்கைப் புண்தான். நம் மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது என்பதை மறக்கக் கூடாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கல்போல் இறுகியிருக்கிறதா என்று புறங்கையால் தடவிப் பார்க்க வேண்டும், கருத்து மங்கியிருக்கிறதா என்று கண்ணாலும் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. நசுங்கிய சதையைத் தேய்த்தால் சேதம் கூடும். நடுவில் ஓட்டை வைத்த வட்டத் தலையணையும் அப்படித்தான், ஓட்டையைச் சுற்றிலும் அழுத்தி ரத்தத்தைத் தடுக்கிறது. குதிகாலுக்கு வேண்டியது கெண்டைக்கால் நெடுகத் தாங்குகிற ஒரு தலையணை. குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி, படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்ததைப் பதியும் குறிப்பேடு. பத்து மணி இடப்பக்கம், பன்னிரண்டு மணி மல்லாந்து, இரண்டு மணி வலப்பக்கம், நாலு மணி இடப்பக்கம் என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருக்கும். சில ஏடுகளில் ஆறு மணிக் கட்டம்கூட நிரம்பியிருக்கும், சுவரில் மணி ஐந்தே முக்கால்தான் ஆகியிருக்கும். நாலு மணிக்கு இடப்பக்கம் என்று எழுதியிருக்க, பாட்டி மல்லாந்து கிடக்கிறார் என்றால் முதுகைப் பாருங்கள். விரிப்பின் சுருக்கம் ஆழமாகப் பதிந்திருந்தால் அவர் வெகுநேரமாக அப்படியேதான் படுத்திருக்கிறார்.

இந்த இடத்தில் ஆயாவைத் திட்டிவிட்டு அறிக்கை எழுதுவது எளிது, ஆனால் அநியாயம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். படுத்த படுக்கையாக 20 பேர். ஒருவரை இழுக்காமல் தூக்கித் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில் நிறுத்த இரண்டு ஆள் வேண்டும், 5 நிமிடம் வேண்டும். 20 பேருக்கு 100 நிமிடம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் 120 நிமிடத்தில் மிச்சம் 20 நிமிடம். அதற்குள் டயப்பர் மாற்ற வேண்டும், தண்ணீர் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும், எழுந்து நடக்கிறவரைப் பிடிக்க வேண்டும், தாங்களும் ஒரு வாய் டீ குடிக்க வேண்டும். இரவில் இரண்டே ஆட்களை வைத்திருக்கும் இல்லத்தில் அந்தக் குறிப்பேடு உண்மையாக இருக்க வழியே இல்லை. பொய்யை எழுதவைத்தது நிர்வாகம் போட்ட ஆள்கணக்கு. அறிக்கையில் இந்தக் கூட்டல் கழித்தலையே எழுதிவிட்டால் யாராலும் மறுக்க முடியாது.

ஏர் பெட் இருக்கிறது, கவலையில்லை என்பார்கள். பம்ப் ஓடுகிறதா, குழாய் கட்டில் சட்டத்தில் மடிந்து நசுங்கியிருக்கிறதா, காற்றழுத்தத் திருகு படுத்திருப்பவரின் எடைக்கு ஏற்ப வைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஏர் பெட்டுக்கு அடியில், அவருடைய இடுப்புக்கு நேர் கீழே உள்ளங்கையை நுழையுங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. மேலே ரப்பர் ஷீட், இரண்டு விரிப்பு, மடித்த போர்வை என்று அடுக்கியிருந்தால் ஏர் பெட் இருந்தும் பயனில்லை. மின்சாரம் போகும் நேரத்தில் அந்த பிளக் இன்வெர்ட்டரில் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

மருந்து அலமாரியில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியது இன்சுலின். நம் ஊரில் பாட்டிலில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனா வடிவ ஊசிக் கருவியிலும் அதற்கான கார்ட்ரிட்ஜிலும் வருவது 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. இரண்டும் ஒரே டப்பாவில் கலந்து கிடந்தால் அதுவே பெரிய ஆபத்து. சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு என்பது அரை மில்லி. 100 யூனிட் மருந்தை அதில் எடுத்தால் உள்ளே போவது 50 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு. மாறாக, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் எடுத்தால் 20-க்குப் பதில் 8 யூனிட்தான் போகும். ஒரு இல்லத்தில் ஒரே வகையை மட்டும் வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டும். திறந்த தேதி ஒட்டியிருக்க வேண்டும், பெரும்பாலான வகைகளுக்கு அதிலிருந்து 28 நாள்தான் கணக்கு. ஊசி மாற்றினாலும்கூட ஒருவரின் இன்சுலின் பேனாவை மற்றவருக்குப் போடக் கூடாது.

இரவுச் சாப்பாட்டில் பாதியைத் தள்ளிவிட்டவருக்கு வழக்கமான அளவு ஊசி போட்டால் நடுச்சாமத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். சட்டை வேர்வையில் நனைந்திருக்கும், கூப்பிட்டால் முனகுவார். "நல்லாத் தூங்குறாரு" என்று அட்டெண்டர் நகர்ந்துவிட்டால் அவ்வளவுதான். அதனால் சிஸ்டரிடம் ஒரே கேள்வி: நேற்று இரவு யார் யார் சரியாகச் சாப்பிடவில்லை? பெயர் சொல்லத் தெரிந்தால் அந்த இல்லத்தில் பராமரிப்பு நடக்கிறது.

ஆறு மணிக்கு ரைல்ஸ் ட்யூபில், அதாவது மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில், முதல் கஞ்சி போகும், கூடவே நின்று பாருங்கள். தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். மூக்கருகே குழாயில் உள்ள குறியீடு முன்பு எழுதிவைத்த எண்ணோடு பொருந்த வேண்டும். குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று அறியக் காற்றை அடித்துச் சத்தம் கேட்பது போதாது, தவறி நுரையீரலுக்குள் போன குழாயிலும் சத்தம் கேட்கும். கஞ்சியை அழுத்தித் தள்ளாமல் தானாக இறங்கவிட வேண்டும், முடித்ததும் தண்ணீர் விட்டு அலச வேண்டும், குறைந்தது அரை மணி நேரம் தலையைத் தாழ்த்தக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் தவறுகிறார்கள். அடுத்த கட்டிலுக்குப் போகும் அவசரத்தில் படுக்கையைச் சமமாக்கிவிட, கஞ்சி மேலேறி நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியாவாக முடிகிறது.

நாலு மணிக்கே குளிப்பாட்டத் தொடங்கும் இல்லங்கள் உண்டு. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் என்ற வரிசை தப்பக் கூடாது. மறதி நோயுள்ளவரும் கால் மரத்த சர்க்கரை நோயாளியும் சூட்டை உடனே உணர்ந்து சொல்ல மாட்டார்கள்.

கை கட்டப்பட்டவர்களைத் தேடுவதில் தயக்கம் கூடாது. கட்டில் சட்டத்தில் தொங்கும் துணிப்பட்டை, மணிக்கட்டில் வளையமாய்த் தழும்பு, பகலிலும் வாய் திறந்தபடி மயங்கிக் கிடக்கும் ஐந்தாறு பேர், எல்லாம் ஒரே கேள்விக்கு இட்டுச்செல்லும். தூக்க மாத்திரை யாருக்கு, எந்த மருத்துவர், எந்தத் தேதியில் எழுதினார், எப்போது மறுபடி பார்த்தார்? சீட்டு இல்லையென்றால் அதுவும் கட்டிப்போட்டதுதான்.

கட்டிப்போடுவதும் தீயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அது முதியோர் இல்லம் அல்ல. ஆனால் நடக்க முடியாதவர்கள், பூட்டிய கதவு, விடியற்காலை என்ற மூன்றும் இங்கேயும் இருக்கின்றன. தீயணைப்பான் முள் பச்சையில் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. பின்பக்க இரும்புக் கதவின் சாவி யாரிடம் என்று இரவு அட்டெண்டரைக் கேட்டு, எடுத்துவந்து திறக்கச் சொல்லி, கடிகாரத்தைப் பாருங்கள். ஆபீஸ் பீரோவில் இருக்கிறது, மேனேஜர் எட்டு மணிக்கு வருவார் என்ற பதில் வந்தால் மற்றதெல்லாம் பிறகு, முதலில் அந்தப் பூட்டு. போர்வையோடு தரையில் இழுத்து ஒருவரை வாசல்வரை கொண்டுவரத் தெரியுமா என்றும் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் சுவரோடு சங்கிலியிட்டு நிற்க வேண்டும், சமையலறைப் பக்கம் கூடவே கூடாது.

சாப்பாட்டுப் பட்டியலைவிட எடைப் பதிவேடு நம்பகமானது. ஒரு மாதத்தில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் எடை குறைந்தவர்களுக்குக் காரணம் எழுதியிருக்க வேண்டும். பலநேரம் காரணம் பல்செட் பொருந்தாததாக இருக்கும்.

பேச்சையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வேறு மாநிலத்துப் பிள்ளைகள் பலர் இந்த வேலைக்கு வருகிறார்கள், பாசமாகவே பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் "அடிவயிறு கடுக்குது", "கிறுகிறுன்னு வருது", "நெஞ்சை அடைக்குது" என்று பெரியவர் சொல்வது அவர்களுக்குப் புரிகிறதா? இப்படி இருபது சொற்களை அவர்கள் மொழியில் எழுதி நர்ஸ் மேஜையில் ஒட்ட ஒரு மணி நேரம் போதும். "அஞ்சாம் நம்பர்" என்று கூப்பிடுகிறார்களா, பெயர் சொல்லி அம்மா, ஐயா என்கிறார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சமூக நலத் துறைப் பதிவு, தீயணைப்புத் துறைச் சான்று, மருத்துவக் கழிவு ஒப்பந்தம் போன்ற காகிதங்களை ஒன்பது மணிக்குமேல் பார்க்கலாம், அவை எங்கும் ஓடிவிடாது. முதியோர் உதவி எண் 14567 கூடத்துச் சுவரில், சக்கர நாற்காலியில் இருப்பவர் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா என்று மட்டும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அறிக்கையில் ஒவ்வொரு குறைக்கும் ஆள், தேதி, கெடு மூன்றும் இருக்க வேண்டும். பூட்டுக்கு அன்றே. இன்சுலின் சிரிஞ்சுக்கு 24 மணி நேரம். இரவு ஆள் எண்ணிக்கைக்கு இரண்டு வாரம். மறுஆய்வு வேறொரு நாளில், அதிகாலை மூன்று மணிக்கு. குதிகால் வெளுக்காமல் இருந்த அதே பாட்டியின் கட்டிலுக்கு முதலில் போக வேண்டும்.