பாக்கெட்டில் நிற்காத தேதி: முத்திரை மைக்காக நான் அலைந்த மூன்று மாதம்

சென்ற ஆடியில் கோயம்புத்தூரிலுள்ள ஒரு கடைக்கு அனுப்பிய 120 பாக்கெட் இட்லிப்பொடி, நான்காம் நாளே அத்தனையும் திரும்பி வந்தது. பொடியில் ஒரு குறையும் இல்லை. பாக்கெட்டின் பின்புறம் நான் குத்தியிருந்த தயாரிப்புத் தேதி, பேட்ச் எண், விலை மூன்றும் பெட்டிக்குள் ஒன்றோடொன்று உரசி, ஊதா நிறத் தீற்றலாகக் கலைந்து போயிருந்தன. லேபிளில் உள்ள விவரங்கள் தெளிவாகவும் அழியாதவையாகவும் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறை. தேதி தெரியாத சரக்கை வாங்கி வைக்க எந்தக் கடைக்காரரும் துணிய மாட்டார். ஆகவே அவரைக் குறை சொல்வதற்கில்லை.

என் கோபமெல்லாம் முத்திரை செய்துகொடுத்த கடையின் மீதுதான். பிளாஸ்டிக் பாக்கெட்டில் குத்தப் போகிறேன் என்று தெளிவாகச் சொல்லித்தான் மை கேட்டேன். "எல்லாத்துக்கும் இதே இங்க்தாங்க்கா, காஞ்சா போகாது" என்று சாதாரண ஸ்டாம்ப் பேட் மையை எடுத்துக் கொடுத்தார்கள். அதை நம்பி, இரவு முழுவதும் மின்விசிறியின் கீழ் பாக்கெட்டுகளைப் பரப்பி வைத்தேன். காலையில் உற்றுப் பார்த்தபோது எழுத்தின் கோடுகள் கோடுகளாகவே இல்லை. தாமரை இலையில் நீர் நிற்பதைப் போல மை சிறுசிறு மணிகளாகத் திரண்டு நின்றது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் காய்ந்தால் சரியாகிவிடும் என்று எண்ணியதுதான் என் தவறு.

அந்த மை எத்தனை நாள் வைத்தாலும் பிளாஸ்டிக்கின் மீது காயாது என்பது பிறகுதான் விளங்கியது. நீரில் கரைத்த சாயத்தோடு, பேட் உலர்ந்து போகாமலிருக்க அதில் கிளிசரின் போன்றதொரு பொருளைச் சேர்க்கிறார்கள். காகிதத்தில் குத்தினால் மை இழைகளுக்குள் இறங்கிவிடுகிறது. காய்வதாக நாம் நினைப்பதில் பெரும்பகுதி இந்த உறிஞ்சல்தான். பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம் ஆகியவற்றில் இறங்குவதற்கு இடமே இல்லை, கிளிசரினோ எளிதில் ஆவியாவதும் இல்லை. இவற்றுக்கு வேண்டியது, குத்திய சில நொடிகளில் கரைப்பான் பறந்து, நிறம் மட்டும் ஒட்டி நிற்கும் குயிக் டிரை மை.

அதை வாங்க ஈரோட்டுக்குப் போய் ஒரு நாள் வீணானது: முதல் கடையில் இருப்பில்லை, இரண்டாவது கடையில் மதிய உணவு நேரம், மூன்றாவதில் கிடைத்தது. கிடைத்த மகிழ்ச்சியில் பழைய பேடிலேயே ஊற்றி, பழைய முத்திரையாலேயே குத்தினேன். முதல் நாள் எழுத்து அச்சடித்தாற்போல நின்றது. ஒரு வாரத்தில் 3 எது, 8 எது என்று தெரியவில்லை. முத்திரையைத் திருப்பிப் பார்த்தால், எழுத்துகள் ஊறிய கடலையைப் போல உப்பி, தொட்டால் விரலில் ஒட்டின. என்னுடையது பாலிமர் முத்திரை, அதாவது பார்க்க ரப்பர் போலிருக்கும் ஒரு வகைப் பிளாஸ்டிக்கில் செய்தது; குயிக் டிரை மையிலுள்ள கரைப்பான் அதை ஊற வைத்துவிடும். உள்ளேயே மை நிரப்பி வரும் ஃபிளாஷ் முத்திரையில் இதை ஊற்றினால் அது அதோடு முடிந்தது. இந்த மைக்கு ரப்பரில் செய்த முத்திரையும், தனியாக வைத்த உலர்ந்த புதிய பேடும் வேண்டும். ஆகவே மை வாங்கும்போதே, எந்த முத்திரை இதைத் தாங்கும் என்று கேட்டுவிடுங்கள். எனக்கு 450 ரூபாய் முத்திரை போன பிறகுதான் அந்தக் கேள்வியே தோன்றியது.

புது ரப்பர் முத்திரை வந்த பின்னும் பாதிச் சிக்கல் மிச்சமிருந்தது. அடி விரிந்து தானாக நிற்கும் அரைக் கிலோ பவுச்சில் உறுதியாகப் பிடித்த அதே மை, கால் கிலோ சாதா பாலிதீன் கவரில் நகம் பட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. பவுச்சின் வெளி அடுக்கு பாலியெஸ்டர். அது மையை ஏற்றுக்கொள்ளும். வெறும் பாலிதீன் ஏற்காது. கவர் தயாரிக்கும்போதே மின்பொறி பாய்ச்சி மேற்பரப்பைப் பக்குவப்படுத்தினால்தான் அதில் மை பிடிக்கும். மொத்த வியாபாரிகள் இதை 'ட்ரீட்மென்ட்' என்கிறார்கள். நான் கேட்ட பிறகுதான், எங்களுக்குக் கவர் தருபவர் அந்த வகையும் தம்மிடம் இருப்பதாகச் சொன்னார். இப்போது ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு கவரை எடுத்து ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்க்கிறேன். நீர் பரவி நின்றால் மை பிடிக்கும், உருண்டு ஓடினால் அந்தக் கட்டைத் திருப்பிவிடுகிறேன்.

நல்லெண்ணெய்ப் பாட்டிலில் வேறு பாடம். கண்ணாடியில் குயிக் டிரை மை அழகாக நின்றது, ஆனால் எண்ணெய்க் கை பட்டதும் கரைந்தது. அதனால் பாட்டிலை விட்டுவிட்டு, ஒட்டும் முன்பே லேபிளில் தேதி குத்துகிறேன். பளபளப்பான லேபிளில் சாதாரண மை இழுவிக்கொண்டு போகும். பளபளப்பில்லாத காகித லேபிளில் அதே மலிவான மை எண்ணெய் பட்டும் கலையவில்லை. பழுப்பு நிறக் காகிதப் பையில் நீலமும் ஊதாவும் மங்கிப் போகின்றன, கறுப்பு மட்டுமே படிக்கும்படி இருக்கிறது.

மஞ்சப்பைக்குத் துணி மைதான் வேண்டும். அந்தக் காலத்தில் வண்ணார் சேங்கொட்டைச் சாற்றையும் சுண்ணாம்பையும் கொண்டு போட்ட குறி எத்தனை வெளுப்புக்கும் போகாது. இன்றைய துணி மைக்கு அந்த உறுதி தானாக வருவதில்லை: காய்ந்த பின் இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் காட்டிப் பதியவைக்க வேண்டும். அதைச் செய்யாத முதல் பத்துப் பைகள் ஒரே சலவையில் வெளுத்துவிட்டன.

வீட்டிலேயே தொழில் செய்கிறவர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம். குயிக் டிரை மை எளிதில் தீப்பிடிக்கும். அதன் நெடியும் பொடியில் ஏறும். நான் அடுப்பெரியும் நேரத்தில் அந்தப் புட்டியைத் திறப்பதே இல்லை. பாக்கெட்டை ஒட்டி மூடிய பிறகு, திண்ணையில் வைத்து, வெளிப்புறத்தில் மட்டும் குத்துகிறேன். ஒரு நாள் கழித்து, நல்லெண்ணெய் தொட்ட கட்டைவிரலால் ஒரு பாக்கெட்டை அழுத்தித் தேய்க்கிறேன். தேதி நகர்ந்தால் அன்றைய சரக்கு வெளியே போகாது. ஐப்பசியில் அதே கோயம்புத்தூர்க் கடைக்கு 200 பாக்கெட் போனது. இதுவரை ஒன்றுகூடத் திரும்பவில்லை.